மண்டையோட்டுப் பலகை

பூட்டை உடைக்கவில்லை.
வேலையால் நிற்பாட்டிய அன்று
தலைக்கவசத்தைக் கேட்டார்கள், அடையாள அட்டையைக் கேட்டார்கள்.
ஆறு வருசம் என் கழுத்தில் கிடந்த திறப்பை
ஒருவரும் கேட்கவில்லை.

கல்லடிக் களஞ்சியம், இரவு பத்தே கால்.
காவல்காரனின் கைப்பேசியில் கிரிக்கெட்.
அடுத்த ஓவர் தொடங்குவதற்குள்
ஏழாம் இலக்க மெஷின் என் தோளில்.
வரும்போது, ஏனென்று தெரியாது,
கதவோரம் சாய்ந்து நின்ற சிவப்புப் பலகை ஒன்றையும்
இழுத்துக்கொண்டு வந்தேன்.

சப்ரானின் லொறி நிறைய வெங்காயம்.
நடுவில் நான், மெஷின், மண்டையோடு.
சாவடியில் டோர்ச் வெளிச்சம் மூட்டை மூட்டையாக நடந்தது.
மூச்சடக்கினேன்.
தும்மல் மட்டும் வரவேண்டாம், பிள்ளையாரே.

எங்கள் பக்கத்தில்
ஆட்களை ஏற்றி ஆற்றில் மிதக்கும் பலகைக்குப் பெயர் பாதை.
குருமண்வெளிப் பாதை பொழுது சாய்ந்தால் கட்டப்பட்டுவிடும்.
எங்களுக்குத் தோணி.
சல்வீனியாவைக் கிழித்துக்கொண்டு
படுவான்கரைக்கு.

புவிதரனிடம் ஒரு கொப்பித் தாள்:
மூன்று பனை, ஒரு வரம்பு, கட்டில்லாக் கிணறு.
அவன் சித்தப்பன் மறியலில் இருந்து கீறியது.
தொண்ணூறில் சங்கத்து அடகு நகையைத் தூக்கிய இருவரில்
ஒருவன் புதைத்தான்.
மற்றவன் சுற்றிவர வெடி நட்டான்;
எத்தனை என்று சொல்லாமலே செத்தான்.

பனை மூன்றும் இப்போது குற்றி.
முழங்காலில் இருந்தேன்.
மெஷினுக்குத் தெரிந்தது ஒரே சொல்.
சோடா மூடிக்கும் அதுதான், தாலிக்கும் அதுதான்,
காலை எடுக்கிற சாமானுக்கும் அதுதான்.
மூன்றையும் பிரித்தறிய
விரல் நுனி வேண்டும், மறுகா பொறுமை.

முதல் சத்தம்: ஆணி.
இரண்டாவது: வெடி. கழற்றினேன்.
மூன்றாவதும் வெடி. அதன் மூடியில் கை இருந்தபோது
டமார்!
சப்ரான் கலிமா சொன்னான்.
நான் என் இரண்டு கைகளையும் எண்ணினேன்.
வயல் பக்கம் யாரோ யானைவெடி கொளுத்தியிருக்கிறான்.
யானை பிளிறியது. நாங்கள் சிரிக்கவில்லை.

நான்காவது, தகரப் பெட்டி.
உள்ளே துணிப்பொட்டலங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம்.
பெயர்கள் இல்லை. நல்லவேளை.

அட்டியல் ஒன்றை நான் வெளிச்சத்தில் பிடித்த நேரம்
புவிதரன் பெட்டியோடு ஓடினான்,
நான் நட்ட குச்சிகளுக்கு வெளியே, கண்ணாப் பற்றைப் பக்கம்.

"நில்லு!"
ஒற்றைக் காலில் நின்றான், கொக்கு மாதிரி.
"தூக்கின காலை வைக்காத. உன்ட பெருவிரலுக்கு முன்னால கிடக்கு."
அங்கே ஒன்றும் கிடக்கவில்லை.
அது எனக்கும் மெஷினுக்கும் மட்டும் தெரியும்.
"பெட்டிய வை. கிறுகு. ஒள்ளுப்பம் இடப்பக்கம். ஆ, அப்படித்தான்."
நான் சொன்ன தடத்திலேயே
அழுதபடி திரும்பி வந்தான்.

இப்ப விற்றால் மூவரும் மறியல் என்றேன். ஒரு மாசம் போகட்டும்.
அதே குழியில் அதே பெட்டி.
மேலே சிவப்புப் பலகை.
"இன்னும் கிடக்கு உள்ளுக்கு. நான் இல்லாம வந்தா
பொறுக்கிறதுக்கும் ஆள் தேவைப்படும்."
விடிய முன் மெஷின் அதன் ஆணியில் தொங்கியது.

இன்று பத்தொன்பதாம் நாள்.
சும்மா பார்த்துவரப் புறப்பட்டேன்.
பாதையில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன்பெட்டி,
கம்பியில் சாய்ந்தபடி புவிதரன்.

அக்கரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.
பலகைக்குக் கீழே நாலைந்து மாடுகள்.
ஒன்று மண்டையோட்டில் கழுத்தைத் தேய்த்து
ஆறுதலாகச் சொறிந்துகொண்டிருந்தது.
கன்று ஒன்று குழியின் மேலேயே
துள்ளி விளையாடியது.

"நகுலி," என்றான், முகத்தைத் திருப்பாமல்.
"அந்தப் பக்கம் மாடெல்லாம்
நல்லா மேயுது, என்னகா?"

பாதை பாதி ஆற்றில்.
அவனுக்கும் எனக்கும் அது ஒரே வேகம்.
செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டேன்.