இருபத்து மூன்று கிராம்

செப்டம்பர் என்றால் சவுத்லாந்தில் வசந்தம்.
நாட்காட்டி மட்டும் சொல்லும்.
தென்துருவத்திலிருந்து வரும் காற்றுக்கு
நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது.

விடியுமுன் தொலைபேசியில்
இஷ்பெல் மக்கிவர் சொன்னது இவ்வளவுதான்:
"இன்றைக்கும் ஒன்பது."

சாக்கின்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தாள்.
கம்பளி முளைக்காத தோல்.
தாய் நக்கிக்கொடுத்த ஈரம் காயாத கழுத்து.
அந்தக் கழுத்தில்தான்
இரண்டு பக்கமும்
விழுங்க முடியாத பிளம் பழங்கள்போல் வீக்கம்.

கேடயச் சுரப்பி என்று கல்லூரியில் படித்தபோது
யாருக்குக் கேடயம் என்று கேட்கத் தோன்றவில்லை.
நல்ல குட்டிக்கு அது
இரண்டு அவரை விதை.
இதற்கோ, கத்தி பட்டதும்
கருஞ்சிவப்பாய்ப் பிதுங்கி
உள்ளங்கையை நிறைத்தது.

தராசை மறந்து வந்திருந்தேன்.
இஷ்பெல் ஒன்றும் கேட்காமல்
சமையலறைத் தராசை எடுத்துவந்தாள்.
விளிம்பில் மாவு படிந்திருந்தது.
வெண்ணெய்த்தாளை அதன்மேல் விரித்தாள்.

இருபத்து மூன்று.
அடுத்தது பத்தொன்பது.
அடுத்தது முப்பத்தொன்று.
ராவிரி கொட்டகைச் சுவரில்
சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தான்,
போன வருடக் கம்பளி மூட்டைக் கணக்குக்குக் கீழே.

துளி அயோடின். அவ்வளவுதான் கேட்டிருக்கிறது.
மூளைக்கு அடியிலிருந்து பிட்யூட்டரி விரட்ட விரட்ட
வெறும் பானையை
அகலமாக்கி, இன்னும் அகலமாக்கி
ஏந்திக்கொண்டே இருந்திருக்கிறது,
கருப்பையின் இருட்டில்.

கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.
புயலுக்கு மறுநாள்
கரையில் கடற்பாசி மலைமலையாய் அழுகும்.
அத்தனையிலும் அயோடின்.
காற்று அந்த வாசனையைக் கொண்டுவந்து
மூக்கில் தேய்த்துவிட்டுப் போகும்.
வாசனையை மேய முடியாது.

சாக்கட்டியைக் கீழே வைத்தான் ராவிரி.
"கேல் இலைதானே?"
ஆம்.
குளிர்காலம் முழுக்கச் சினையாடுகள் தின்றது அதைத்தான்.
இருக்கிற கொஞ்ச அயோடினையும்
சுரப்பியின் வாசலிலேயே மறித்துவிடும் இலை.
"மார்ச்சில் ஓர் ஊசி போட்டிருந்தால்?"
ஆம்.

கேல் விதைக்கச் சொன்னது யார் என்று
அவன் கேட்கவில்லை.
குளிர்பதனப் பெட்டியின் கதவில்
காந்தத்துக்கு அடியில் இன்னும் இருந்தது அந்தத் தாள்:
'புல் போதாது. பன்னிரண்டு ஹெக்டேர் கேல்.'
சென்ற நவம்பர்த் தேதி, என் கையெழுத்து,
கீழே என் கையொப்பம்.
ஊசியைப் பற்றி ஒரு வரி எழுதத்
தாளில் இடம் நிறைய இருந்தது.

சொன்னேன்.
தொண்டை அடைத்தது என்று எழுத மாட்டேன்.
அடைபட்ட தொண்டைகள் ஒன்பது
சாக்கின்மேல் கிடந்தன.

"நானும் படித்துவிட்டுத்தான் ஒட்டினேன்"
என்றாள் இஷ்பெல்.
அது மன்னிப்பா, கணக்கைப் பிரித்துக்கொள்வதா,
இன்றுவரை தெரியாது.

உயிரோடிருந்த பதினாறுக்கும் வாயில் மருந்து சொட்டினோம்.
ஒரு குட்டி என் விரலைச் சப்பிற்று,
இரண்டு முறை,
பிறகு எப்படிச் சப்புவது என்பதை மறந்துபோனது.
அதை அட்டைப்பெட்டியில் போட்டு
அடுப்போரம் வைத்தான் ராவிரி.
எது பிழைக்கும் என்று
நான் பந்தயம் கட்டுவதில்லை.

மதியம் இரண்டு மணி.
தராசைச் சுடுநீரில் கழுவினாள், துடைத்தாள்,
அதிலேயே மாவை நிறுத்தாள்.
சிவப்பு எண்கள் சற்றுத் தடுமாறி நின்றன.
பெட்டிக்குள் வைக்கோல் சரசரத்தது. பிறகு இல்லை.

அடுப்பிலிருந்து எடுத்த ஸ்கோனைப் பிளந்து
வெண்ணெய் தடவி
என் பக்கம் தள்ளினாள்.

உப்பு சற்றுத் தூக்கல்.
இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.