எண்பத்தாறு சென்றிமீற்றர்

இந்தத் துறைக்கு வருவது கோதுமை.
கோதுமை இல்லாத மாதம் கிளிங்கர்.
இரண்டுக்கும் வயது இல்லை,
பொத்தான் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை.
ஆகையால் அந்த வியாழன்
கொழும்பிலிருந்து முத்திரை உடையாமல் வந்த கொள்கலனில்
முதல் பெட்டியைக் கத்தியால் கீறியபோது
களஞ்சியக்காரர் இருவரும் கிட்ட வந்து நின்றார்கள்.

குட்டிக் குட்டிச் சட்டைகள்.
வாத்து, நிலா, ஒரு காது மடிந்த முயல்.
காற்று அசையாத மே மாதப் பதினொரு மணிக்குக்
கம்பளிக் கையுறைகள், சோடி சோடியாய்,
விரல் வைக்காதவை.
திருகோணமலையில் இதை யார் போடுவது என்று
ஒருவர் கேட்டார். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

வில்லையைக் கண்ணில் வைத்தேன்.
வளையம் வளையத்தின் கழுத்தைப் பிடித்திருந்தால்
பின்னல், அத்தியாயம் அறுபத்தொன்று.
நூலை நூல் குறுக்கே தாண்டினால்
நெசவு, அறுபத்திரண்டு.
பருத்தியும் பொலியெஸ்டரும் பாதிக்குப் பாதி என்றால்
இலக்கத்தில் பிந்தி நிற்பது வெல்லும்.
இடப்பக்கம் வலத்தின்மேல் மூடினால் பையன்.
வலப்பக்கம் இடத்தின்மேல் மூடினால் பெண்.
எதுவென்று பிடிபடாவிட்டால்
பெண்பிள்ளை உடுப்பென்று எழுது, என்கிறது குறிப்பு.
சந்தேகத்தின் பலன் பெண்ணுக்குப் போவதை
இருபத்தொரு வருடச் சேவையில்
இந்த ஒரு பந்தியில்தான் வாசித்திருக்கிறேன்.

ஆனால் 61.11இல் அதுவும் கிடையாது.
அங்கே ஆணுமில்லைப் பெண்ணுமில்லை,
குழந்தை.
எண்பத்தாறு சென்றிமீற்றருக்கு மேற்படாத உடல்.

சட்டையின் நீளமல்ல. உடலின் உயரம்.
உடலோ பெட்டியில் இல்லை.
இந்த ஊரில் உடலைக் கேட்டு நிற்கும் வரிசை வேறு,
கந்தோர் வேறு.
என் மேசையில் இருந்தது ஓர் அளவுநாடாவும்
"24 மாதம்" என்று மட்டும் சொல்லும் கழுத்துப்பட்டியும்.

"ரெண்டு வயசெண்டா குழந்தைதானே மிஸ்?"
முசாதிக் நாநா, கிண்ணியாவில் கடை,
பெருநாளுக்கு இன்னும் பதினாறு நாள்.
அட்டவணை வயதைக் கேட்பதில்லை என்றேன்.
வாசலில் ஒரு மான்
நான் கிழித்தெறிந்த பெட்டி மூடியை
மிகக் கவனமாகத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை பாலம் தாண்டி வந்தார்,
மோட்டார்சைக்கிள் தாங்கியின் மேல்
கடைசி மகள் ஷைமாவை இருத்தி.
"சரியா ரெண்டு வயசு. அளந்து பாருங்க."

சுவரோடு நிறுத்தினோம்.
தலையில் கோவை மட்டை, குதிக்காலில் நாடாவின் நுனி.
எண்பத்தெட்டு.
"சப்பாத்து மிஸ், சப்பாத்து."
கழற்றினார். எண்பத்தேழு.
"குடும்பி கட்டியிருக்கு."
அவிழ்த்தார். எண்பத்தாறரை.
அதற்குமேல் கழற்ற அவளிடம் எதுவுமில்லை.
"எக்கி நிக்கிறா," என்றார்.
அவள் எக்கித்தான் நின்றாளோ,
குனிந்து பார்ப்பதற்குள் குதிகள் தரையில் இருந்தன.

ஒரு பிள்ளை விதியாகாது, நாநா.
தயாரித்தவனின் அளவுப்பட்டியல் வரட்டும்.
அவர் சரி என்றார், சரியில்லாத குரலில்.
ஷைமா முத்திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.
பிரகடன இலக்கமின்றி எதிலும் குத்தக் கூடாது.
குத்தினேன். ஊதினாள், காயவில்லை,
என் மேசை விரிப்பில் துடைத்தாள்.

திங்கள் மாலை பட்டியல் வந்தது.
24 மாதம்: உடல் உயரம் 86.
மேற்படாத என்ற சொல்லை
இரண்டு தரம் விரலால் தொட்டுப் பார்த்தேன்.
பொறுப்பதிகாரி தெனகம ஒப்பமிட்டார்.
வாத்து, நிலா, முயல்,
யாருக்கென்று தெரியாத அந்தக் கையுறைகள் உட்பட
பதினேழு பெட்டிகளும் 61.11க்குள் போயின.

ஷைமா மட்டும் வெளியே.
அரைச் சென்றிமீற்றர் தள்ளி,
எந்தப் பக்கம் எதன்மேல் மூடுகிறது என்று
இனிப் பார்க்கப்படும் இடத்தில்.