நிலை நான்கு

மின்வெட்டு, இரண்டிலிருந்து நாலரை வரை.
பிரகாசனின் முகமூடிக்குக் காற்றூதும் பெட்டி
ஒரு விக்கலோடு ஓய்கிறது.
மெர்பேங்க் முழுக்க இருட்டு.

குறட்டை கிளம்புகிறது,
ரீஃபைனரி லாரி மேடேறுகிற மாதிரி.
சத்தம் இருக்கும்வரை பயமில்லை.
நின்றதும் எண்ணுகிறேன்:
பதினொன்று, பன்னிரண்டு...
இருபத்தேழில் விலாவில் ஒரு இடி.
"என்னடி?" புரண்டு படுக்கிறார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
போன மாதம், பெட்டகம் அந்தரத்தில் தொங்க,
கண் சொக்கிவிட்டதாம்.
ஃபோர்மனிடம் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தூக்கம் எப்படி?"
கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள்.
நோயாளி அவர் என்றேன்.

நாலரைக்கு ஃபிரிட்ஜ் முதலில் உறுமும்,
பிறகு பெட்டி.

ஆறு மணி டாக்சியில்
பக்கத்தில் ஒருத்தி கண்ணயர்ந்தாள்.
அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போய்
இறங்குமிடம் தவறவிட்டேன்.