ஐந்து புள்ளி ஒன்பது ஒன்பது

டார்ட்டு நகரில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கட்டங்களை நிரப்புகிறேன்:
புது மாத்திரை, அறுபது பேரில் தலைசுற்றல் பதின்மூன்று.
பழையது, அறுபதில் ஒன்பது.
வெறும் மாவு உருண்டை, அறுபதில் நான்கு.

மாவு தின்றும் நால்வருக்குச் சுற்றியிருக்கிறது.
பூமி சுற்றுவதை
மருந்தின் தலையில் கட்ட முடியாது.

கண்டதில் எதிர்பார்த்ததைக் கழி,
வர்க்கமாக்கு, எதிர்பார்த்ததாலேயே வகு,
ஆறு கட்டமும் கூட்டு.
கை-வர்க்கம் ஐந்து புள்ளி நான்கு எட்டு.
வாசற்படி ஐந்து புள்ளி ஒன்பது ஒன்பது.
தாண்டவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது நூற்றுப்பதினேழாம் எண்.
புது மாத்திரை. மணிக்கட்டு முறிவு.
செவிலி மெரிகே பென்சிலில் குறித்திருக்கிறாள்:
"பனியில் சறுக்கியதாகச் சொல்கிறார்."
தேதி, ஏப்ரல் இருபத்தெட்டு.
எமாயோகி ஆற்றில் பனி உடைந்து ஓடி
மூன்று வாரம் ஆகியிருந்தது.
தொழில்: பேருந்து ஓட்டுநர்.

தலை சுற்றியது என்றால் உரிமம் போகும்.

அவளை ஒரு கட்டம் தள்ளி உட்காரவைத்தால்
ஆறரை.
தாண்டிவிடும்.

தள்ளக் கூடாது.
யார் கையில் எந்த மாத்திரை என்று தெரிந்த பிறகு
நீளும் விரலை நம்புவதற்கில்லை, என் விரலானாலும்.
ஐந்து புள்ளி நான்கு எட்டு என்றே எழுதி
அடிக்குறிப்பில் அந்த ஆற்றை வைத்தேன்.

கடைசிப் பேருந்து.
ஓட்டியவள் ஒரு பெண்; கையுறை
மணிக்கட்டை மறைத்திருந்தது.
பாலத்து வளைவில்
தேவைக்கு மேல் வேகம் குறைத்தாள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.