இல்

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்,
நாசி கண்டார் கடையின் மேல்மாடி.
மோனோரயில் கடக்கும்வரை காத்திருந்து
ஒர்னெல்லா டீச்சர் தொடர்கிறாள்:

லா சுவா மாக்கினா.
கார் பெண்பால், அதனால் சுவா.
வைத்திருப்பது அவனா அவளா
சொல்லுக்கு அக்கறை இல்லை.
வெள்ளைக் கார் என்றால்?
பியாங்கா.
நிறமும் காரின் பக்கம்தான் சாயும்.

கைப்பையில் வக்கீல் கடிதம்.
மலாயில், ரூமாஞா, கெரேத்தாஞா.
அந்த ஞாவும் வாய் திறக்கவில்லை.
தமிழில் படிக்கும்போதுதான்
அவனுடைய வீடு,
அவனுடைய மைவி.
ஒன்பது வருடத் தவணை மட்டும்
என்னுடையது.

நெருங்கிய சொந்தம் ஒருவரென்றால்
முன்னால் இல், லா எதுவும் வேண்டாம், என்கிறாள்.
மியா மாத்ரே. மியோ மரீத்தோ.
கதவு தட்டாமல் வருகிறவர்கள்.

பின்வரிசையிலிருந்து கை தூக்கினேன்.
'முன்னாள்' சேர்த்தால்?

பலகையில் எழுதிக்காட்டினாள்:
இல் மியோ எக்ஸ் மரீத்தோ.
"அப்போது இல் திரும்பி வந்துவிடும்."

சியூ லிங் குனிந்து குறித்துக்கொண்டாள்.
நான் முதல் இரண்டு சொல்லோடு
பேனாவை மூடினேன்.
இல் மியோ.
டீச்சருக்குத் தமிழ் தெரியாது.