கீழ்வரிசை, இடப்பக்கம்

விசில் ஊதுமுன்
ஒரு வாய் காற்று இழுக்க வேண்டும்.
பதினெட்டு வருடம் இழுத்த காற்று
போன மார்கழியில் முதல்முறை கடித்தது.
காலை ஐந்து இருபது, பாகாயம் டிரிப்.
கண்ணில் தண்ணீர்.
‘தூசியா சார்?’ என்றார் டிரைவர் ஜமால்.
ஆமாம் என்றேன்.

கூச்சம் என்ற ஒரே சொல்லைப்
பல்லுக்கும் மனசுக்கும் வைத்தவர்கள்
இரண்டையும் பட்டிருப்பார்கள்.

தோட்டப்பாளையத்தில் மாடிமேல் கிளினிக்.
டாக்டர் தபஸ்ஸும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பெரிய கண்ணாடி ஒன்றை என் கையில் கொடுத்தார்.
நாலாவதும் ஐந்தாவதும்:
ஈறு இறங்கி, பல்லின் கழுத்து வெளியே, மஞ்சளாய்.
மரம் வெட்டுகிறவன் முதல் போடு போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனது மாதிரி
அதில் ஒரு வெட்டு.
‘வலது கையால தேய்ப்பீங்களா?’
‘ஆமா.’
‘கோபமா தேய்ப்பீங்களா?’

கோபமில்லை. அவரிடம் சொல்லவில்லை.
ஆறு வருடம் முன்னால் புகையிலை அடக்குவதை விட்டேன்.
வனரோஜா சொல்லி விடவில்லை;
ஒன்றும் சொல்லாமல் அவள்
தலையணையை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டதால் விட்டேன்.
அடக்கியதும் இதே இடப்பக்கம்தான்.
கறை போக வேண்டுமே.
கடினமான பிரஷ்ஷாகக் கேட்டு வாங்கி
காலை வீட்டில், மதியம் டிப்போ குழாயடியில், ராத்திரி மறுபடி,
குறுக்கே குறுக்கே, ரம்பம் போல.
‘இன்னாய்யா, அண்டாவா துலக்கிகினு கீற?’ என்பாள்.
கறை போயிற்று.
கூடவே பல்லும் போய்க்கொண்டிருந்தது
மாவு மாவாய், நான் துப்பிய நுரையில்.

டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்.
‘வெட்டு முழுக்கப் பூசிட்டா எனக்கு வேலை சுலபம்.
பூச்சு மேல ஈறு ஒட்டாது.
ஈறை மட்டும் இழுத்தா, பள்ளத்துல சரியா உட்காராது.
பழைய கரை எங்க இருந்துச்சோ
அதுக்கு மேல பூச்சு.
அதுக்குக் கீழ, உங்க அண்ணத்துலேந்தே
ஒரு கீற்று சதை எடுத்து வெச்சுத் தைக்கிறேன்.
முழுசா மூடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.’
பழைய கரை எதுவென்று எப்படித் தெரியும்?
‘பல்லே சொல்லும்.’

அன்று மதியம் விருதம்பட்டுப் பாலத்தில் நெரிசல்.
படியில் நின்று குனிந்து பார்த்தேன்.
பாலாற்று மணல் இறங்கி
தூண்களின் அடிக்கிணறு வெளியே நின்றது.
பழைய மட்டம் ஒரு கறுப்புக் கோடு,
கீழே நின்றிருந்த மாடுகளுக்கு வெகு மேலே.
தூணுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.
மணலுக்கு எந்த அண்ணத்தைக் கிழிப்பது?
‘மீதி சில்லறை குடுப்பா’ என்றது
பின்னாலிருந்து ஒரு குரல்.

தைத்த பிறகு மூன்று வாரம் விசில் கூடாது.
அந்தப் பக்கம் பிரஷ்ஷும் கூடாது.
அண்ணம், காய்ந்த தோசைக்கல்.
ஒன்பது நாள் லீவு தீர்ந்து ஏறினேன்,
வீங்கிய கன்னத்தோடு, தகரத்தைத் தட்டித் தட்டி
வண்டியை அனுப்பிக்கொண்டு.
பாதி தட்டல் ஜமாலுக்குக் கேட்காது.
மூன்றாம் நாள்
இலவம்பாடி முள்கத்திரிக்காய் மூட்டையோடு
பின்படியோரம் உட்காரும் பச்சையம்மாள்
நாக்கை மடித்து விட்டாள் ஒரு சீழ்க்கை.
பஸ் முழுக்கத் திரும்பியது.
வண்டி கிளம்பியது.
‘இன்னா பாக்கற? கொல்லில குருவி ஓட்னவ நானு.
நீ டிக்கெட்டக் கிழி.’
அவளுக்கு முன்பல் மூன்று இல்லை.

இப்போது மெத்தென்ற பிரஷ்.
பேனா பிடிப்பது போல் பிடித்து,
ஈறிலிருந்து பல்லை நோக்கி, மெல்ல.
கைக்குப் போதவில்லை.
பாதி மன்னிப்பில் எழுந்து வந்தது போலிருக்கிறது.
குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வனரோஜா
‘ஆச்சா? சத்தமே காணோம்’ என்கிறாள்.

நாலாவதில் ஈறு ஏறிவிட்டது.
ஐந்தாவதில் ஒரு நூல் இன்னும் தெரிகிறது.
ஐந்து இருபது.
விசிலை வலது உதட்டோரம் வைத்துக்
காற்று இழுக்கிறேன்.
ஒரு நூல் கூச்சம்.
போலாம் ரைட்.