கேஸ்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தால்
ஆறு சிலிண்டரும் நானும்
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை வெயில் காய்வோம்.
திறந்ததும் முதல் சந்து.
ஸ்பானரால் இரும்பில் ரெண்டு தட்டு,
அப்புறம் ஒரே ஒரு சொல்:
கேஸ்!

ஸ்டெல்லாக்கா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வரும்.
"எனக்கே உள்ள பூரா கேஸு,
நீ வேற இன்னாத்துக்கு?"
ஏப்பம் விட்டபடி புக்கைத் தேடப் போகும்.

ஏழாம் நம்பரில் நர்ஸம்மா,
நைட் டூட்டி இன்னும் கண்ணில் இருக்கும்.
"ராத்திரி மட்டும் பதினோரு கேஸுப்பா,
அதுல ஒண்ணு ரெட்டை."
குழந்தைகளைச் சொல்கிறார் என்று
மூணாவது மாடி ஏறும்போதுதான் புரிந்தது.

டீக்கடையில் என்னைப் பற்றியே சொல்வார்கள்:
"அது ஒரு மாதிரி கேஸு,
தானா பேசிகினு போவும்."
இருக்கட்டும்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில்
நான் கத்தவே வேண்டாம்.
எல்லார் மூக்கும் முதலில் என் வண்டியைத்தான் பார்க்கும்.
"உன்னுதா?"
"இல்லம்மா. என்னுது சீல் வெச்சது."

என் மகள் ஹேமாவதி நோட்டில் எழுதிக் காட்டினாள்:
இங்கிலீஷ்காரனுக்கு இது ரெண்டு சொல்லாம்,
எழுத்து வேற, வாய் திறக்கிற விதமும் வேறயாம்.
நானும் சொல்லிப் பார்த்தேன்.
ரெண்டு தடவையும் ஒண்ணுதான் வந்தது.

எங்கள் பக்கம் ரெண்டையும் புக் பண்ணுவார்கள்.
ஒன்று வர இருபது நாளாகும்.
மற்றது அன்று ராத்திரியே கதவைத் தட்டும்.

போன ஆடியில் பன்னிரண்டாம் நம்பர் வாசலில் கத்தினேன்.
உள்ளே பாத்திரம் விழுந்தது.
பின்பக்கம் கூரை ஷீட் முறியும் சத்தம்.
கதவைத் திறந்த அஞ்சலாட்சி
என் காக்கிச் சட்டையை மட்டும் பார்த்தாள்.
"பையன் மேல கேஸ் இல்லன்னு
எழுதிக் குட்த்தாங்களே சார்."

தோளில் இருந்த சிலிண்டர்
அவள் கண்ணுக்குத் தெரிய நேரமாயிற்று.
அப்புறம் சிரித்தாள்.
நானும் சிரித்துவைத்தேன்.
பையன் கூரையிலிருந்து இறங்கி வந்து
ஒன்றும் பேசாமல்
சிலிண்டரை வாங்கி உள்ளே கொண்டுபோனான்.
முட்டி உரிந்திருந்தது.

பன்னிரண்டில் இப்போது ஸ்பானர் கிடையாது.
விரலால் தட்டுகிறேன்.
"அடுப்புக்கு" என்கிறேன்.